டேங்க் மூடியில் பாலிதீன் தாள்

மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க, பைக்கின் பெட்ரோல் டேங்க் மூடிக்கு அடியில் பாலிதீன் தாள் வைத்து இறுக்கினேன். மறுநாள் எலுமிச்சை மூட்டையையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். ஏலம் முடிந்தால் பழத்தைக் கேட்க ஆள் இருக்காது.

வழியில் வண்டி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்தேன், ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எத்தன மட்டம்தான் எறங்கி ஏறுதது? நீங்க மூடியத் திறந்தாத்தான் ஓடுது. மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா ஓடுமா? அந்தத் தாளத் தூரப் போடுங்க.”

போட்டேன். அப்புறம் வண்டி நிற்கவில்லை. மூடியில் காற்றுப் போகும் ஓட்டையைத் தாள் அடைத்ததால் பெட்ரோல் இறங்காமல் இருந்திருக்கிறது. கடைசி ஏலத்தில் பழமும் விற்றுவிட்டது.

இப்போது மழை வந்தால் தாளைத் தேடுவதில்லை. தொழுவத்தில் மாட்டை ஒதுக்கிக் கட்டிவிட்டு வண்டியை நிறுத்துகிறேன்.