நாலு கைதட்டல்

ராஜரத்தினத்தைப் போலக் காப்பி அடிக்க ரங்கூனில் ஆள் கிடையாது. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன். வெளிநாட்டுப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, பர்மிய வார்த்தைகளைப் போட்டு, கேசட்டாக விற்பது எங்கள் ஊர் வழக்கம். காப்பிப் பாட்டு என்றே அதற்குப் பேர், யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. அசலில் விரல் கம்பியில் உரசி ‘கீச்’ என்றால், ராஜரத்தினத்தின் கிதாரும் அதே இடத்தில் ‘கீச்’ என்னும். செட்டியார் வீட்டுப் பிள்ளை கிதாரைத் தூக்கிக்கொண்டு திரிகிறதே என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள், இவர் இங்கேயே இருந்துவிட்டார். நான் முத்து முகம்மது, பக்கத்து வீட்டுக்காரன். அவர் வாசித்த இடத்தில் எல்லாம் பாங்கோ மேளம் தட்டினவன்.

அவருக்கு ஒரே மகள், இந்துமதி. கல்லூரியில் தாவரவியல் படித்தாள். எண்பத்தெட்டு ஆகஸ்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியபோது அவளும் ஒரு தோழியோடு போனாள். திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி, லாக்கப், க்யிம்யிண்டைங் படகுத்துறை என்று நானும் அவரும் பத்து நாள் அலைந்தோம். கூடப் போன தோழியையும் காணோம், ஒரு துப்பும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் அவர் கிதாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார், படுங்கள் என்றால் படுத்தார்.

அந்த வாரமே அவர் மனைவி சிகப்பி ஆச்சி ஒரு சேதி சொன்னார். இந்து ஒரு பர்மாக்காரப் பையனோடு ஓடிப்போய்விட்டாளாம், எல்லையைத் தாண்டித் தாய்லாந்தில் இருக்கிறாளாம். ஊர் வாய் சும்மா இருக்குமா? கோயிலில் ஆச்சியைக் கண்டால் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆச்சி கவலைப்படவே இல்லை. ஓடிப்போன மகள் என்றால் உயிரோடு இருக்கும் மகள் அல்லவா! வேறு எந்தத் தாயும் மூடி மறைக்கிற மானக்கேட்டை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். சில வருஷத்தில் இந்துவுக்கு இரட்டைப் பிள்ளைகூடப் பிறந்தது. ஆச்சி சொல்லும்போதெல்லாம் ராஜரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் அதை நம்பினாரா இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தொண்ணூற்றொன்றில் என் மச்சான் பர்கத்துல்லா கப்பல் வேலையிலிருந்து வந்தபோது இத்தாலிக் கேசட் ஒன்று கொண்டுவந்தான். அட்டையில் ஒரு தாடிக்காரர், மடியில் கிதார். ஒன்பது பாட்டு. ஒரு குரல், ஒரு கிதார், வேறு வாத்தியமே கிடையாது. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் கேட்டால் நெஞ்சு இளகும். என் வீட்டுக்காரி சுல்தான் பீவி அடுப்படியில் நின்றபடியே மூக்கைச் சிந்தினாள். கேசட் கம்பெனிக்காரர் ஒரு தடவை கேட்டுவிட்டு, காதல் பாட்டுதான், சந்தேகமே வேண்டாம் என்றார். ஒன்பது பாட்டுக்கும் மாப்பிள்ளை, பெண், பூமாலை என்று வார்த்தை போட்டார்கள்.

ராஜரத்தினம் அந்தக் கேசட்டை மூன்று வாரம் கேட்டார். தாடிக்காரர் எங்கே மூச்சு இழுக்கிறார் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. ஏழாவது பாட்டின் நடுவில் குரலும் கிதாரும் சட்டென்று நின்று, கொஞ்சம் கழித்துத்தான் தொடங்கும்.

“இங்க எத்தன தட்டு, முத்து?” என்று கேட்டார்.

“நாலு. கணக்கா நாலு” என்றேன். பெரிய மேதை மாதிரி நான்தான் எண்ணிச் சொன்னேன்.

கேசட் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஏழாவது பாட்டுதான் கல்யாணப் பாட்டு என்று ஆயிற்று. ஏதோ ஒரு கல்யாணத்தில் அந்த நிறுத்தத்தைக் கூட்டம் கைதட்டி நிரப்பியது. அதோடு அது சம்பிரதாயமே ஆகிவிட்டது. தன்லியினில் வாசித்தாலும் த்வாண்டேயில் வாசித்தாலும் நாங்கள் நிறுத்துவோம், கூட்டம் நாலு தட்டு தட்டும், பெண் வெட்கப்படும், நாங்கள் தொடங்குவோம். பதினேழு வருஷத்தில் எத்தனை கல்யாணம் என்று யார் கண்டது? அடுத்த வீட்டுப் பெண்கள், இந்துவோடு படித்த பெண்கள், பிறகு அவர்களுடைய தங்கைகள், எல்லோருக்கும் ராஜரத்தினம் வாசித்தார். முகத்தில் ஒன்றும் இருக்காது. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து நானும் அப்படியே ஆகிவிட்டேன். தட்டுவேன், பிரியாணி தின்பேன், வீட்டுக்கு வருவேன்.

இரண்டாயிரத்தெட்டில் புயல் அடித்த பிறகு நிவாரண வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அதில் ஓர் இத்தாலிய அம்மாவுக்கு எங்கள் தெருப் பையன் விவேக் மொழிபெயர்ப்பாளன். அந்த வருஷக் கடைசியில் விவேக்கின் தங்கைக்குக் கல்யாணம், காலை முகூர்த்தம், கச்சேரி எங்களுடையது. அந்த அம்மாவும் வந்திருந்தார். ஏழாவது பாட்டு தொடங்கியதும் அவர் தட்டைக் கீழே வைத்தார். கூட்டம் நாலு தட்டு தட்டியபோது எழுந்தே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் விவேக்கை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

விவேக் எங்களை, மாமா என்பதற்குப் பதில், பர்மிய முறைப்படி ‘ஊலே’ என்றுதான் கூப்பிடுவான். “ஊலே, இது கல்யாணப் பாட்டு இல்லையாம். இத எழுதுனவரோட பொண்ணு செத்துப்போச்சாம், அதுக்கப்புறம் எழுதுன கேசட்டாம். நீங்க நிறுத்துறீங்கல்ல, அந்த எடத்துல அவரால பாட முடியாம நின்னுட்டாராம். அத வெட்டாம அப்பிடியே விட்டுட்டாங்களாம்” என்றான்.

அந்த அம்மா குற்றம் சொல்லவில்லை. ராஜரத்தினத்தின் கையைப் பிடித்து, நன்றாக வாசித்தீர்கள் என்றுதான் சொன்னார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. ஒரு தகப்பன் தொண்டை அடைத்து நின்ற இடத்தை எண்ணி நாலு என்று சொன்னவன் நான்தானே! ராஜரத்தினம் கிதாரை உறையில் போட்டார். சாப்பிடாமல் கிளம்பினார். பிரியாணியை விட்டுவிட்டு நானும் கூடவே போனேன்.

வீட்டில் ஆச்சி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சிகப்பி, இந்து ஓடிப்போகல. செத்துட்டா” என்றார். இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். நான் ஆச்சியைப் பார்த்தேன். கத்துவார், அடித்துக்கொள்வார் என்று பயமாக இருந்தது.

ஆச்சி மொச்சையை உரித்தபடியே, “தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“கூடப் போன பொண்ணு கொல்லைப் பக்கமா வந்து சொல்லிட்டுப் போச்சு. அது கண்ணு முன்னாடிதான் குண்டு பட்டு விழுந்தாளாம். போன அன்னைக்கே, ஒம்பதாந்தேதி. அது வந்து சொன்னப்ப நீங்க முன்னால உக்காந்து கிதார் வாசிச்சுக்கிட்டிருந்தீங்க. பத்து நாள் பேயா அலைஞ்ச மனுசன் அன்னைக்குத்தான் உக்காந்தீங்க. சொன்னா அந்தக் கை நின்னுபோயிரும்னு பயந்தேன். அதான் ஓடிப்போயிட்டான்னு சொன்னேன். ஒங்களுக்காகத்தான் சொன்னேன்.”

ராஜரத்தினம் கிதாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். “எனக்கும் அப்பவே தோணுச்சு. நீ நம்புறேன்னுதான் நான் தலையாட்டுனேன்” என்றார்.

அதற்குத்தான் ஆச்சிக்குக் கோபம் வந்தது. முறத்தைத் தள்ளி வைத்தார்.

“தோணுச்சாம்! இருவது வருசமா ஆகஸ்ட் ஒம்பது அன்னைக்கு நான் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்கேன். நீங்க எதிர்ல உக்காந்து மொஹிங்கா சாப்புட்டு எந்திரிச்சுப் போவீங்க. நீ ஏன் சாப்பிடலன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டீங்களா?”

எவனோ ஓர் இத்தாலிக்காரன் மூச்சு இழுக்கிற சத்தம்வரை கேட்ட மனுஷன் அவர். அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் அவருக்குப் பரிந்து ஏதாவது பேசியிருக்கலாம். ஆனால் ஒரு சுவர் தள்ளி இருபது வருஷம் குடியிருந்தும், அதை நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.