ஸ்பிரிங்வேலில் டெக்சாஸ்

வாசகரே, நீங்களே சாட்சி. மெல்பர்னின் ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்தில், மாலைப் பட்டிமன்றத்துக்கான உரையை உரக்கப் பயில்கிறேன். மெக்சிகோ ஆட்சியை எதிர்த்து டெக்சாஸ் குடியேறிகள் நடத்தியது விடுதலைப் போரே என்பது என் அணியின் கட்சி. அருகில் அமர்ந்திருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி, 'விடுதலை' என்றதும் கைதட்டுவார் என நம்புகிறேன். அவர் கேட்கிறார்:

"மெக்சிகோ அவையளுக்கு என்ன செய்தது, தம்பி?"

"பல கெடுபிடி அன்ரி. அடிமை வைக்கக் கூடாதுன்னுகூடச் சட்டம் போட்டாங்க."

"சண்டையில வெண்ட பிறகு அந்த அடிமையள்?"

"அடிமையாவே இருந்தாங்க."

"அப்ப விடுதலை ஆருக்கு? பேச்சு வடிவாத்தான் இருக்கு."

அடுக்கிவைத்த வாக்கியங்கள் கலைகின்றன. கேள்வியை மறைத்து அணியைக் காப்பதா, மேடையில் அதை எழுப்புவதா என்று குழம்புகிறேன். ரயில் வருகிறது. ஏறும்போது உரக்கச் சொல்கிறேன்:

"இந்தக் கேள்வியை மேடையில நானே கேட்பேன் அன்ரி. பதில் இல்லேன்னா, இல்லைன்னே சொல்வேன்."