பழைய வீட்டுக்குப் போன வேண்டுதல்

குடிநீர் வாரியத்தில் புகார் எழுதிக்கொள்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, "கதவு எண் சொல்லுங்க, பக்கத்துல அடையாளம் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே 'புகார் அக்கா' என்று பெயர் வாங்கியவள். கதவு எண் இல்லாத புகார் அங்கே தாள் கட்டின் அடிக்குப் போய்விடும். கடவுளின் மனசும் அப்படித்தான் வேலை செய்யும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

கணவரின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய நாள் முதல், காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு வேண்டினாள்.

"கடவுளே, கதவு எண் பதினேழு, ரெண்டாவது மாடி, மருந்துக்கடைக்கு எதிர்ல. ஐம்பத்தெட்டு வயசு ஆண். கழுத்துல இடது பக்கம். ஏற்கெனவே பத்து தடவை சொல்லியாச்சு."

பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர், முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பதினேழைக் காலி பண்ணி மூணு மாசமாச்சே?"

அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். மறுநாள் முடிவு வந்துவிடும்.

"நான் எங்க இருக்கேன்னு கடவுளுக்குத் தெரியாதா? அவரென்ன உங்க ஆபீஸ் கிளார்க்கா?"

"யாரா இருந்தாலும் தாள்ல இருக்கறதைத்தாங்க பார்ப்பாங்க."

அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பழைய வீட்டுக்கு ஓடினாள். அங்கே புதிதாகக் குடிவந்திருந்த தையல்காரர் கதவைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இந்த வீட்டுல யாருக்காவது திடீர்னு உடம்பு சரியாச்சா?"

அவர் பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? ஆறு வருஷமா கழுத்து வலி. போன வாரத்துலேர்ந்து சுத்தமா இல்ல!"

"இடது பக்கமா?"

"இடது பக்கமேதான்!"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை.

மறுநாள் டாக்டர் தாளைப் புரட்டினார். "வெறும் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல."

கணவரோடு வெளியே வந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மூக்கைத் துடைத்தவள் முகம் மறுபடி சுருங்கிவிட்டது.

"இன்னும் என்னம்மா?"

"எதை வெச்சுங்க கடவுள் சரி செஞ்சாரு? நம்ம புகார்தான் போய்ச் சேரவே இல்லையே."

"புகார் இல்லாமலே செஞ்சிருப்பாரு."

"புகார் வராம நாங்க ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்ல. அப்படிச் செய்யறவர்கிட்ட இனிமே நான் என்னன்னு பேசறது?"

"முதல்ல எங்கிட்ட பேசு," என்றார் கணவர். "ரெண்டு நாளா ஒரு வாய் ஒழுங்கா இறங்கல. பசிக்குது."