விரியன் ராஜா வாங்கிய அடி

எல்லப்பனுக்குப் பகலில் டிராக்டர், திருவிழாக் காலத்தில் கூத்து. சாலவாக்கம் பக்கம் எந்த ஊரில் கூத்து போட்டாலும் கெட்டவன் வேஷம் அவருக்குத்தான். ஆறடி உடம்பு, இடிக்குரல். கிரீடம் வைத்துக்கொண்டு அவர் திரையை விலக்கினால் கைக்குழந்தைகள் வீறிடும். வேஷத்தைக் கலைத்துவிட்டால் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன்.

அவரை அறிவியலுக்கு இழுத்து வந்த பாவி நான். பெயர் பரிமளா, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாம்புக்கடி அதிகம். கயிறு கட்டி, பிளேடால் கீறி, ரத்தத்தைப் பிழிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். போர்டில் படம் போட்டுத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன், யார் கேட்டார்கள்? சரி, கூத்தாகவே போட்டுவிடுவோம் என்று விஷத்துக்கு விரியன் ராஜா என்று பெயர் வைத்து எழுதி, அந்த வேஷத்தை எல்லப்பனுக்குக் கொடுத்தேன்.

பள்ளி மேடையில் ராஜா குதித்து, "கட்டு கட்டு, கயிறு கட்டு! வெட்டு வெட்டு, பிளேடு போடு!" என்று ஆடிப் பாடுவார். அப்படிச் செய்தால்தான் விஷத்துக்குக் கொண்டாட்டம் என்பது கதை. கடைசியில் பிள்ளைகள் வந்து, கட்டவும் கூடாது, வெட்டவும் கூடாது, காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒப்பிப்பார்கள். பொய்க்கு ராகம் போட்ட நான் உண்மைக்குப் போடவில்லை. ஊரே ராஜா பாட்டை முணுமுணுத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை அறுவடையில் கன்னியப்பன் மகள் திவ்யாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. பதினான்கு வயது, என் வகுப்பு. அலறல் கேட்டு, அடுத்த கழனியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த எல்லப்பன் ஓடினார். திவ்யாவின் முழங்காலுக்குக் கீழே நைலான் கயிறு சதையில் புதைந்திருந்தது. கன்னியப்பன் மகளின் காலை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளேடால் மூன்று இடத்தில் கீறியிருந்தார். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. வரப்பெல்லாம் ரத்தம் ஓடியது.

எல்லப்பன் அவர் நெஞ்சில் ஓர் உதை விட்டார். கன்னியப்பன் எழுந்து பிளேடை வீச, எல்லப்பனின் முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்தது. அதே கையால் அவர் கன்னியப்பன் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் சேற்றில் விழுந்தன.

"பெத்த பொண்ண அறுத்துக்கினு கீறியே, அறிவு கீதா உனக்கு?"

கன்னியப்பன் ரத்தத்தைத் துப்பினார். "நீதான்யா பாட்ன. கயிறு கட்டு, பிளேடு போடுன்னு ஸ்கூல்ல ஆடிக்கினே சொன்ன. சயின்ஸ் டீச்சர் வெச்ச கூத்தாச்சேன்னு அத்தத்தான் செஞ்சேன். இப்ப இன்னாத்துக்கு அடிக்கிற?"

கூத்து நடந்த அன்று ராஜா பாட்டு முடிந்ததும், த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துவிட்டது என்று மோட்டார் போட எழுந்து போனவர் கன்னியப்பன். பிள்ளைகள் ஒப்பித்தது அவர் காதில் விழவே இல்லை.

எல்லப்பன் அதற்குமேல் கை ஓங்கவில்லை. திவ்யாவைத் தூக்கிக்கொண்டு பைக்குக்கு ஓடினார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து செங்கல்பட்டு. உயிர் தப்பியது. கால் அழுகிவிட்டதால் முழங்காலோடு எடுத்தார்கள்.

ஆறு மாதம் எல்லப்பன் எந்த வேஷமும் கட்டவில்லை. ஆடி மாதம் என்னிடம் வந்தார். "டீச்சர், மறுபடியும் போடலாம். இந்தவாட்டி பாட்டு முடிஞ்சதும் என்னிய அடிக்கணும். நெசமா அடிக்கணும். பாதில எழுந்து போறவனும் அத்தப் பாத்துட்டுதான் போவணும்."

திருவிழா முடிவில் கெட்ட வேஷக்காரரைப் பெண்கள் துடைப்பத்தால் மொத்தும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதனால் ஒப்புக்கொண்டேன். பள்ளி மைதானத்தில் ராஜா பாடி முடித்து மண்டியிட்டார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே துடைப்பத்தால் தட்டினார்கள்.

கூட்டத்திலிருந்து திவ்யா எழுந்து வந்தாள். துடைப்பத்தை வாங்கவில்லை. ஊன்றுகோலை ஓங்கினாள். கிரீடம் பறந்தது. அடுத்த அடியில் மூக்கு உடைந்தது.

"பிளேடு போடலாமா?" என்று எல்லப்பன் ரத்த வாயோடு கேட்டார்.

"கூடாது" என்று அடித்தாள்.

"கயிறு கட்டலாமா?"

"கூடாது."

ஒற்றைக் காலில் தடுமாறி விழுந்தாள். எல்லப்பன் ஊன்றுகோலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் தடுக்கவில்லை. அந்தப் பாட்டை எழுதிய நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னை யாரும் அடிக்கவில்லை.