குவளையில் முளைத்த நாற்பத்து மூன்று

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருடம். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, தட்டில் ஊற்றிச் சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதை எண்ணுவதுதான் பிழைப்பு. எண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிருமி விஷயத்தில் கோட்டை விட்டது அவள் குடல்தான்.

"குடல் செல்லுக்குள்ள பொறந்ததுலேர்ந்தே ஒரு காவல் இருக்கும்மா, ஏற்பின்னு பேரு" என்றார் மருத்துவர். "கிருமியோட மேல்சுவர்ல ஒரு துணுக்கு கிடைச்சாலே ஆளைக் கண்டுபிடிச்சிரும். உங்களுக்கு அது கொஞ்சம் கோணலா அமைஞ்சிருக்கு. மோப்பம் பிடிக்காம விட்டுருது. அப்புறம் மத்த காவலுங்க ஓடி வந்து, சொந்த வீட்டையே கொளுத்துதுங்க. அதான் புண்ணு, வலி. யாருக்கும் தொத்தாது, பயப்படாதீங்க."

இதை அவள் பக்கத்து மேசைக்காரியிடம் மட்டும் சொன்னாள். எட்டு வருடப் பழக்கம். "மூச்சு விட மாட்டேன்க்கா" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள் அவளும். மூத்த சோதனையாளர் இடத்துக்கு இருவர் பெயரும் போயிருந்த சமயம் அது.

மூன்றாம் வாரம் அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். நிர்வாகத்திலிருந்து வந்தவர், கிருமி என்றாலே கையை உதறுவார். மேசையில் ஒரு தட்டு. இவள் குவளை விளிம்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து வளர்த்தது. மூடியில் பக்கத்து மேசைக்காரியின் கையெழுத்து.

"உங்க குடல் வியாதி விஷயம் காதுக்கு வந்துச்சு. உங்களை ஸ்டோருக்கு மாத்திடலாம்னு பாக்கறேன். ஊரே குடிக்கிற தண்ணிம்மா."

பழக்கதோஷம், முதலில் எண்ணினாள். நாற்பத்து மூன்று. பிறகுதான் கோபம் வந்தது.

"ஒத்துப் பாக்க வேற தட்டு எங்க சார்? உங்க குவளை, இவ குவளை ரெண்டையும் துடைச்சு வைங்க. புள்ளி முளைக்காத வாய் ஒண்ணு இருந்தா நானே ஸ்டோருக்குப் போறேன்."

மறுநாள் அதிகாரியின் தட்டில் எண்பத்தெட்டு. பக்கத்து மேசைக்காரியுடையதில் எண்ணவே இடமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாற்றல் தாளைக் கிழித்தார்.

வெளியே வந்ததும், "தப்பா நினைக்காதீங்கக்கா. வீட்ல குழந்தை இருக்கு, பயந்துட்டேன்" என்றாள் மற்றவள்.

"எட்டு வருஷமா தட்டு வளக்கறியே, ஒத்தைத் தட்டை நம்பக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

மற்றவள் விறுவிறுவென்று தன் மேசைக்கு நடந்தாள். தெரியாமல் செய்யவில்லை, மூத்த சோதனையாளர் இடத்துக்காகத்தான் என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

அன்றைய பாட்டில்கள் வந்திறங்கின. இருவரும் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார்கள். பேசாமல் ஸ்டோருக்கே போயிருக்கலாமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.