கார் ஷெட்டுக்குள் ஈரம் வந்த வழி

ஐப்பசி மழை விட்டு நான்கு நாள் கழித்துக் காரின் கதவைத் திறந்தேன். ஸ்டீயரிங்குக்கு வெள்ளை மீசை முளைத்திருந்தது. தொட்டால் பஞ்சு மாதிரி விரலில் ஒட்டியது. பூஞ்சணம். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். ஊறிப்போன சாக்கின் வாடை. கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம் களிமண் உருண்டையாக இறுகிக் கிடந்தது. டிக்கியில் இருந்த ஸ்பேனர்களெல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில், ஆற்றிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கார் ஓட்டக் கற்றதே ஓய்வுக்குப் பிறகுதான் என்பதால், அந்தப் பழைய காரின் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பாசம். வீட்டை ஒட்டினாற்போல் ஷட்டர் போட்டு ஒரு ஷெட் கட்டி, அதற்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றிவந்தேன். காப்பாற்றிய லட்சணம் இப்படி.

என் கணவர் நூல் மில்லில் இருந்தவர். நூற்கும் கூடத்தில் காற்று காய்ந்துபோனால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரக்காற்றை உண்டாக்கி உள்ளே அனுப்புவதற்கென்றே மில்லில் தனியாக ஒரு பிளான்ட் உண்டு. அதைத்தான் அவர் முப்பது வருடம் பார்த்துக்கொண்டார். ஈரத்தை உள்ளே ஏற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வெளியேற்றச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆனாலும் ஈரம் என்று எங்கே பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஷெட்டின் நடுவில் நின்று மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"காத்துல வர்ற ஈரம் புள்ள இது. ஆத்துக் காத்து. ஒரு எக்சாஸ்ட் பேன மாட்டுனா ஓடிப்போயிரும்."

"காத்து இல்லீங்க, தரை. தரையப் பாருங்க, எப்பவும் கறுத்துக் கெடக்குது. ஷெட்டு போட்டப்ப அடியில பிளாஸ்டிக் சீட்டு விரிக்காம காங்கிரீட்ட ஊத்திட்டாங்க. மண்ணுல இருந்து ஓதம் ஏறுது."

"அதெப்படி?"

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காதில் விழும் வார்த்தை இது. அவர் எதைச் சொன்னாலும் நான் கேட்பேன், நான் எதைச் சொன்னாலும் அவர் கேட்பார். குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்பதிலிருந்து பூமி சுற்றுவது வரை அதற்குத் தப்பியது எதுவும் இல்லை. எனவே பந்தயமும் அதை வைத்தே முடிவானது. தோற்றவர் ஒரு மாதத்துக்கு 'அதெப்படி' என்று கேட்கக் கூடாது.

சோதனையை நான்தான் சொன்னேன். மிகவும் எளியது. கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தாளை ஒரு முழத்துக்கு ஒரு முழம் வெட்டித் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேலே கோத்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. வெள்ளிக்கிழமை காலை இருவருமாகக் குனிந்து ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் முடிவெட்டப் போயிருந்தார். நான் சும்மாதான் எட்டிப் பார்த்தேன். தாளின் மேல் பக்கம் விரலால் பெயர் எழுதலாம் போல நீர் பூத்திருந்தது. அடிப்பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

ஆய்வுக்கூடத்தில் விடைக்கு ஏற்றபடி அளவை மாற்றி எழுதிய பிள்ளைகளை நான் சும்மா விட்டதே இல்லை. நோட்டில் சிவப்பு மையால் சுழித்து, வகுப்புக்கு நடுவில் நிறுத்தி, "கண்ணால பார்த்ததை எழுது, மனசுல நினைச்சதை எழுதாதே" என்று முழங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மேசையிலிருந்து இங்க் பில்லரை எடுத்துவந்தேன். டேப்பின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, உள்ளே இருபது சொட்டு விட்டேன். மூலையை அமுக்கி ஒட்டினேன். மேலே பூத்திருந்ததை முந்தானையால் துடைத்தேன். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை.

சனிக்கிழமை காலை ஷெட்டுப் பக்கம் போய்விட்டு வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. பாவமாக இருந்ததால், கேட்காமலேயே இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் தாளுக்கு அடியில் ஈரமே இல்லை. யாரோ துணி விட்டுத் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. மேல் பக்கத்திலோ, பூக்காரி தண்ணீர் தெளித்த மாதிரி முத்து முத்தாகத் துளிகள். காற்றிலிருக்கும் ஈரம் அவ்வளவு பெரிய துளியாக உட்காராது என்பது எனக்குத் தெரியும். துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டில் அலமாரியில் அதன் இடத்தில் இல்லை என்பதும் தெரிந்தது.

யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அவர் செய்ததைச் சொன்னால் நான் செய்ததும் வெளியே வந்துவிடும். மறுபடியும் மூலையைக் கிளப்பினேன். இந்தத் தடவை சொட்டுக் கணக்கு இல்லை, கால் டம்ளர்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். வீட்டோடு நான்கு தறி ஓட்டுகிறவர். சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்வதால் எதையும் உரக்கத்தான் சொல்வார். ஷட்டரைத் தூக்கினோம். தாளுக்கு அடியில் ஒரு குட்டை. தாளுக்கு மேலே இன்னொரு குட்டை. நான்கு மூலையிலும் டேப் மூன்று அடுக்காக ஒட்டியிருந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது ஈரம் பாக்கறதுங்களா, இல்ல மீன் வளக்கறதுங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றேன்.

"நா என்ன பண்ணுனேன்? கார் டயருகிட்ட உன்ற இங்க் பில்லர் கெடக்குது, அத மொதல்ல எடு."

"அப்ப ஸ்பிரே பாட்டில் எங்கீங்க போச்சு?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் தெருக்கோடியில் இருந்து ஒருவர் என்ன ஏதென்று வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அக்காவே நாட்டாமையாகித் தீர்ப்பும் சொன்னார். தரையைத் துடைத்துக் காயவிட்டுப் புதுத் தாளை ஒட்ட வேண்டும். காரை எடுக்கக் கூடாது. ஷட்டரைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். "ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வராம அக்கட்டயே இருங்க. பொதங்கெழம நா வந்து தொறக்கறேன்."

புதன்கிழமை அக்கா பூட்டைத் திறந்தார். தாளின் மேல் பக்கமும் காய்ந்திருந்தது, அடிப்பக்கமும் காய்ந்திருந்தது. தரையின் கறுப்புக்கூட வெளுத்துப்போயிருந்தது.

"ரெண்டுமே இல்லீங்களே," என்றார் அக்கா ஏமாற்றத்தோடு. "யாரு செயிச்சாங்கன்னு சொல்றது?"

இருவரும் தோற்றோம் என்று முடிவு செய்ததில் பந்தயம் இருவருக்கும் அமலுக்கு வந்தது. வீடு அப்படியொரு அமைதியை அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவர் பேப்பரைப் பார்த்து எதையோ சொல்வார். நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். நான் ரசத்தைப் பற்றி ஒன்று சொல்வேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போய்விடுவார். மூன்றாம் நாள் காலை, "இப்படியே போனா எனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துரும் புள்ள" என்றார். பந்தயத்தை அதோடு கைவிட்டோம்.

ஆனால் கேள்வி அப்படியேதான் நின்றது. தரையிலிருந்தும் வரவில்லை, காற்றிலிருந்தும் வரவில்லை. பூட்டி வைத்தால் ஷெட் காய்கிறது. சாவி எங்கள் கைக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாளே தரை மறுபடி கறுத்தது. அப்படியென்றால் எங்கள் இருவரில் ஒருவர்தான் ஈரத்தை உள்ளே கொண்டுபோகிறோம். அவர்தான் என்று நான் நினைத்தேன். நான்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால் மில்லிலிருந்து கொண்டுவந்த, காற்றின் ஈரத்தை அளக்கும் இரட்டைத் தெர்மாமீட்டரை ஷெட் சுவரில் மாட்டி, நான் போய்வந்த பிறகெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண்ணயர்வது என் பழக்கம். ஒரு நாள் படுக்கப் போவது போல் போக்குக் காட்டிவிட்டு, வீட்டின் பின்வாசல் வழியாகச் சுற்றிவந்து ஷெட்டுக்குள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டேன். இந்த வயதில் இப்படிக் குனிந்து உட்கார்ந்த கஷ்டம் முதுகுக்குத்தான் தெரியும்.

சரியாக இரண்டு மணிக்கு அவர் வந்தார். கையில் வாளி. வாயில் ஏதோ பழைய மெட்டின் சீழ்க்கை. மக்கில் தண்ணீரை மொண்டு, வாசல் தெளிக்கிற மாதிரி தரை முழுக்க வீசி வீசித் தெளித்தார். காரைச் சுற்றி, காருக்கு அடியில், மூலை முடுக்கெல்லாம். பிறகு தூசி உள்ளே வரக் கூடாதென்று ஷட்டரை இழுத்துவிடப் போனார்.

ஹாரனை அழுத்தினேன்.

மக் ஒரு பக்கம் பறந்தது, வாளி ஒரு பக்கம் உருண்டது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயோ சாமி! ஏம்புள்ள, மனுசன் உசுரு போயிருக்கும்!"

"தினமும் இதுதான் சோலிங்களா?"

"எது?"

"தண்ணி தெளிக்கிறது!"

அவர் தரையைப் பார்த்தார். உருண்ட வாளியைப் பார்த்தார். தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் யாரோ சொன்ன மாதிரி முகம் போனது. மில்லில் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். அந்த நேரத்துக்குத் தரையில் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்குவது வழக்கமாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மணிக்குக் கை தானாக வாளியைத் தேடியிருக்கிறது. பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டதால், இதை ஒரு காரியமாகவே அவர் எண்ணவில்லை.

"தூசி அடங்கட்டும்னுதான்..." என்று இழுத்தவர், சட்டென்று நிமிர்ந்து என் தலைக்கு மேலே கை காட்டினார். "சரி, இது என்னதுங்க டீச்சர்?"

காரின் பின்பக்கம், சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் என் இரண்டு சேலைகளும் ஒரு போர்வையும் சொட்டிக்கொண்டு தொங்கின. மழை நாளில் வேறு இடம் இல்லாமல் அங்கே காயப்போட ஆரம்பித்தேன். மழை விட்ட பிறகும், மாடிப்படி ஏற முழங்கால் வலிக்கிறதென்று அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். போர்வை உலரும்போது அதிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லிவிடும்.

தெர்மாமீட்டர் இருவரையும் பார்த்தபடி சுவரில் தொங்கியது. நான் காரை விட்டு இறங்கி வாளியை எடுத்துக்கொண்டேன். அவர் போர்வையை எடுத்துக்கொண்டார்.

கொத்தனாரை வரவழைத்து, ஒரு பக்கச் சுவரில் தரைக்குச் சற்று மேலேயும், எதிர்ச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழேயும் ஓட்டை போட்டுக் கம்பி வலை வைத்தோம். கீழே வரும் காற்று மேலே போய்விடும். துணிக்கயிறு மாடிக்குப் போனது. ஏறி இறங்குவது அவர் பொறுப்பு. மழையில் நனைந்த கார் வாசலிலேயே நின்று சொட்டி முடித்த பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டோம். ஸ்டீயரிங்கையும் சீட்டையும் வினிகர் தொட்ட துணியால் துடைத்து, மிதியடிகளை இரண்டு நாள் வெயிலில் போட்டேன். சாக்கு வாடை போக ஒரு வாரம் ஆனது.

இப்போது ஷெட் நன்றாகக் காய்ந்திருக்கிறது. காற்றோட்டம் வீட்டுக்குள் இருப்பதைவிட அங்கே நன்றாக இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். ஒரு சாய்வு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். அப்புறம் நான் ஒன்று போட்டேன். கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டால் எதிர்வீட்டு அக்காவும் ஒரு பாயோடு வந்துவிடுகிறார். மூன்று பேருக்கும் கால் நீட்ட இடம் போதவில்லை என்பதால், காரை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறோம். காக்கைகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிருக்கிறது.