கார்ப்பெட்டில் எந்த ஷூவும் வழுக்காது

1. பின்சந்து

அந்த யோசனை வந்தபோது நான் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் மல்லாந்து கிடந்தேன். மழை நேராக முகத்தில் விழுந்தது. பக்கத்தில் ஒரு ஷூ பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அந்தப் பெட்டியில் இருந்ததும் என் காலில் இருந்ததும் ஒரே மாடல். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அந்த மாடலின் கிரிப்பைப் பற்றி ஒரு வாடிக்கையாளரிடம் மூச்சுவிடாமல் புகழ்ந்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த வாடிக்கையாளர் வசந்தி அக்கா. பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து சீருடையோடு கடைக்கு வந்திருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் காட்டுக்குள் நடக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் டிரெயில் ரேஸ். ஆனால் அதற்கு முந்தைய வருடம் நீர்த்தேக்கம் ஒன்றின் பக்கம் ஓடும்போது ஈரப் பலகைப் பாதையில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். மாதக்கணக்கில் பஸ்ஸைத் தொட விடாமல் டிப்போவில் உட்கார வைத்திருந்தார்களாம்.

"இன்னொரு தடவை இந்தக் கை போச்சுன்னா ஸ்டீரிங்கை மறந்துட வேண்டியதுதான். வீட்டுல காடே வேணாம்னு சொல்றாங்க. நான் போவேன் லா. விழாத ஷூவா ஒண்ணு குடு" என்றார்.

எங்கள் கடை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. பாஸ் நாகூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெட்டியும் செருப்பும் விற்றுக்கொண்டிருந்த கடையில் ஒரு சுவரை ஓட்டக்காரர்களுக்கு ஒதுக்கியது அவர்தான். நான் பாலிடெக்னிக்கில் ரப்பர், உலோகம் என்று மெட்டீரியல்ஸ் படித்துவிட்டு, விடுமுறையில் கைச்செலவுக்கு ஆகும் என்று சேர்ந்தவள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. வார இறுதியில் நான் காட்டுப் பாதையில் ஓடுவதால் டிரெயில் ஷூ சுவர் என் பொறுப்பு.

அந்தச் சுவரில் யாரும் தொடாத மாடல் ஒன்று இருந்தது. ஃபெல் ஷூ. வட இங்கிலாந்தில் புல்லும் சேறுமாகக் கிடக்கும் மொட்டைக் குன்றுகளை ஃபெல் என்பார்கள். அவற்றில் ஏறி இறங்கச் செய்த ஷூ. சோலுக்கு அடியில் ரப்பர் பற்கள் நீளம் நீளமாக நிற்கும். கிளியரன்ஸில் மொத்தமாக வந்த சரக்கு என்பதால் பாதி விலை போட்டிருந்தோம். வசந்தி அக்கா நேராக அதைத்தான் எடுத்தார்.

"டயர் மாதிரிதானே மா? ட்ரெட் தேஞ்சா நாங்க வண்டியை எடுக்கவே மாட்டோம். இது பாரு, எவ்ளோ ஆழம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. போன வாரம்தான் நானும் ஊழியர் விலைக் கழிவில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருந்தேன். அக்கா கார்ப்பெட்டில் நடந்தார், குதித்தார், சிரித்தார். அவருக்குச் சரியான சைஸ் சந்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூமில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவரும்போது மழையில் நனைந்து கிடந்த, சரக்கு அடுக்கும் மரப் பேலட் ஒன்றின் மேல் கால் வைத்தேன். அவ்வளவுதான்.

பாஸ் குடையோடு எட்டிப் பார்த்தார். ரப்பர் சிலிப்பரோடு அதே பேலட்டில் ஏறி நின்றுகொண்டு, "ஷூவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். பிறகு கை கொடுத்தார்.

கடையில் நாங்கள் ஷூவைக் கார்ப்பெட்டில் மட்டும்தான் போட்டுப் பார்க்க விடுவோம், சோல் அழுக்காகக் கூடாது என்று. கார்ப்பெட்டில் வழுக்கும் ஷூ என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. அதையே நான் நாள் முழுக்கச் சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொட்டச் சொட்ட உள்ளே போய், "அக்கா, இதை வாங்காதீங்க" என்றேன். நீளமான பல் சேற்றுக்குள் இறங்கிப் பிடிக்கும். கெட்டியான ஈர மரத்தில் இறங்க இடமில்லை. பல்லின் நுனி மட்டும்தான் தரையில் படும், ரப்பர் தொடுகிற இடம் ரொம்பக் குறைச்சல் என்று விளக்கினேன்.

அக்கா ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு ஈர டைல்ஸ்ல நடக்குற மாதிரின்னு சொல்லு."

படித்த நான் ஒரு பத்தியில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். எல்லா ஷூவையும் ஈர மரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். வெறுங்கையோடு போனார்.

2. குளிப்பாட்டும் தொட்டி

பாஸிடம் நான் கேட்டவை மூன்று: ஒரு மரப் பலகை, கொஞ்சம் தண்ணீர், ஒவ்வொரு மாடலிலும் அழுக்கானாலும் பரவாயில்லை என்று ஒரு ஜோடி.

"ஷூ கடைக்குள்ள தண்ணி" என்றார். நுரை ததும்ப ஆற்றிய தே தாரேக் தேநீரைக் குடித்து முடித்தார். அழுக்கான ஜோடியை விற்க முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். கைக்கு வந்த விற்பனையை நான் கெடுத்த அதே நாளில் இதைக் கேட்கிறேன் என்பதும் தெரியும். அந்த இடத்தில் வேறு எந்த முதலாளி இருந்திருந்தாலும் எனக்கு வேறு வேலை தேடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தால் வாசலில் ஒரு கனமான பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பூங்காக்களில் நடைபாதை போடும் கான்ட்ராக்டர் ஒருவர் பாஸின் நண்பர். அவரிடம் வாங்கி வந்திருக்கிறார். கூடவே குழந்தை குளிப்பாட்டும் நீல பிளாஸ்டிக் தொட்டி.

"பேரனோடது. ஓட்டை போட்டுடாதே. தண்ணி சிந்துனா நீதான் மாப் போடணும்."

பலகையின் ஒரு முனையைத் தாழ்ந்த ஸ்டூலிலும் மறுமுனையைத் தொட்டிக்குள்ளும் வைத்து, குவளையில் மொண்டு ஊற்றி, ஒவ்வொரு ஷூவாகப் போட்டு ஏறினேன். விழுந்தால் பிடிக்க அலமாரிப் பக்கமாகவே நின்றேன். ஃபெல் ஷூ முதல் அடியிலேயே நழுவியது. சுவரிலேயே விலை அதிகமான ஷூ, தடித்த நுரை வைத்தது, பரவாயில்லாமல் பிடித்தது. ஆனால் பலகையின் ஓரத்தில் கால் பட்டால் கணுக்கால் பக்கவாட்டில் மடங்கப் பார்த்தது. மரவேர் நிறைந்த பாதையில் அது தொந்தரவு. கடைசியில் ஒழுங்காக நின்றது, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று. பல் குட்டையாக, அகலமாக இருக்கும். ரப்பரை நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கும். போன வருட நிறம் என்பதால் விலையைக் குறைத்து, கீழ்த் தட்டில் தள்ளி வைத்திருந்தோம். பழுத்த பப்பாளி நிறம்.

பாஸ் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து வந்து, அந்த மாடலைக் கண் மட்டத்துக்கு எடுத்து வைத்தார்.

3. வலது கால்

வசந்தி அக்காவை வேலை முடிந்து மாலையில் வரச் சொன்னேன், ஓடும்போது போடும் காலுறையோடு. இந்த ஊர் வெக்கையில் காலையில் இருக்கும் கால் வேறு, மாலையில் இருக்கும் கால் வேறு. ஓடும்போது கால் இன்னும் வீங்கும். அதனால் வீங்கிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். வழக்கமாக நான் ஒரு காலை மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடுவேன். அன்று இரண்டையும் அளந்தேன். வலது கால் கொஞ்சம் நீளம். நாள் முழுக்க பிரேக் மிதிக்கிற கால் அல்லவா, அதான் வளர்ந்துவிட்டது என்று அக்கா சிரித்தார். பெரிய காலுக்குப் பொருந்தும் சைஸை எடுத்தேன். இறக்கத்தில் விரல் நுனி முட்டாமல் இருக்க, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டேன்.

விலை அதிகமான ஷூவை அவர் இன்னும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கொடுத்தேன். பலகையில் ஏற வைத்தேன். நான் ஒரு பக்கம், பாஸ் மறுபக்கம் முழங்கையைப் பிடித்துக்கொண்டோம். ஓரத்தில் கால் பட்டதும் அவரே இறங்கிவிட்டார். பப்பாளி நிறத்தைப் போட்டு ஏறி, நின்று, திரும்பி, இறங்கினார். பிறகு எங்கள் கைகளை விடச் சொன்னார். விட்டோம். நின்றார்.

"கலர்தான் கண்றாவி" என்றார்.

"சேத்துல ஓடினா எல்லாம் ஒரே கலர்தான் மா" என்றார் பாஸ்.

பெட்டியைக் கையில் வாங்கியதும் அக்கா அதை வீட்டில் அலமாரி மேல் பத்திரமாக வைத்து, ரேஸ் அன்றைக்குப் புதுசாகப் போடப் போவதாகச் சொன்னார். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். தீபாவளிச் சட்டை மாதிரி. புது ஷூ அன்றைக்குப் பார்த்து கொப்புளம் போடும். மேலே வைத்து மறந்துபோனால் இந்த ஊர் ஈரக்காற்றில் ஒட்டுப் பசையே விட்டுப்போகும். அதனால் பெட்டியை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகச் சொன்னேன். அன்றிலிருந்து மழை பெய்த நாளெல்லாம் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஈரத் தரையில் நடந்து பழகியிருக்கிறார்.

போகும்போது ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இது பசை இல்லை, ஷூதான். ஈரப் பலகை வந்தால் ஓடாமல் நடங்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை

ரேஸ் நாளில் எனக்கு ஷிஃப்ட் இருந்தது. யாருக்குக் காலுறை விற்றாலும் கண் போனிலேயே இருந்தது. ஜொகூரில் மழை என்று தெரிந்தது. நல்ல ஷூ கொடுத்தேனா, அல்லது விழ மாட்டீர்கள் என்ற தைரியத்தை விற்றேனா? இரண்டும் ஒன்று இல்லை. பாஸ் சாப்பிட வெளியே போகவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு படம் வந்தது. முகம் இல்லை, ஷூ இல்லை. சேறு அப்பிய இரண்டு உள்ளங்கைகள், பத்து விரலும் விரித்து. கூடவே ஒரு குரல் செய்தி.

"விழல மா. பலகை வந்த இடமெல்லாம் வாத்து மாதிரி நடந்தேன், பின்னால வந்தவங்க எல்லாரும் தாண்டிப் போனாங்க. கடைசியிலேர்ந்து எண்ணு, சீக்கிரம் கிடைச்சுடுவேன். பாஸ்கிட்ட சொல்லு."

ஸ்பீக்கரில் போட்டேன். பாஸ் இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். பிறகு, பசிக்கிறது என்று கிளம்பிப் போய் எனக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வந்தார்.

5. புல்

இப்போது அந்தப் பலகை கடையின் முன்பக்கத்தில் இருக்கிறது. மாப் போடுவது இன்னும் நான்தான். யார் வந்து "நல்லதா, விலை குறைச்சலா ஒண்ணு" என்று கேட்டாலும் நான் முதலில் கேட்பது எந்தத் தரையில் ஓடப்போகிறீர்கள் என்பதைத்தான். தரை தெரியாமல் வாங்கும் ஷூ பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முதுகு வலி போதுமாயிருந்தது, அக்காவுக்கு மணிக்கட்டு போகாமல். அதற்கும் நன்றி, பேரனின் தொட்டிக்கும் நன்றி.

போன வாரம் சிவனேசன் அங்கிள் என்று ஒருவர் காத்தோங்கிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். "பிள்ளை, என்ர மகள் வட இங்கிலாந்திலை இருக்கிறா. குன்றிலை ஓட வாங்கோ எண்டு கூப்பிடுறா. அங்கை எல்லாம் புல்லும் சேறுமாம்" என்றார். நான் ஃபெல் ஷூ இருந்த மூலையைப் பார்த்தேன். பாஸும் பார்த்தார். என்னை மல்லாத்திய ஷூவுக்குச் சொந்த ஊர் கிடைத்துவிட்டது போலிருந்தது. ஆனால் நான் ஃபெல்லைப் பார்த்ததே இல்லை. பார்க்காத தரைக்குப் பேச்சை நம்பி இன்னொரு தடவை விற்க மாட்டேன். பழைய சரக்கு என்பதால் ஒவ்வொரு ஜோடியின் சோல் விளிம்பையும் வளைத்து, பசை விடுகிறதா என்று பார்த்தேன். இரண்டு ஜோடி விட்டது, ஒதுக்கிவிட்டேன். பிறகு சுவா சூ காங் பக்கம் உள்ள செடி நர்சரிக்குப் போன் செய்து, மண்ணோடு சேர்ந்த புல்தரைத் துண்டு கேட்டேன்.

"இப்ப கடைக்குள்ள புல்லும் வளக்கப் போறியா?" என்றார் பாஸ். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று வீட்டுக்குப் போக பஸ் ஏறினால் ஓட்டுநர் இருக்கையில் வசந்தி அக்கா. புல் விஷயத்தை ஏற்கெனவே குரல் செய்தியில் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் பஸ் கார்டைத் தட்டும்போதே கேட்டார்.

"புல் வந்துடுச்சா?"

"சனிக்கிழமை வருதுக்கா."

"மொதல்ல நான்தான் மிதிப்பேன், சொல்லிட்டேன். உள்ள போ மா, ஆளுங்க ஏறணும்."

ஸ்டீரிங் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். திருப்பத்தில் அந்தப் பெரிய சக்கரத்தை அவருடைய இரண்டு கைகளும் மாறி மாறி இழுத்துத் திருப்பின. சனிக்கிழமை தொட்டியில் புல்லை வைத்து, சேறாகும் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்க்கப் போகிறேன். அக்கா ஏறுவார். இந்த முறையும் முழங்கையைப் பிடித்துக்கொள்ள நானும் பாஸும் இருப்போம்.